லெ ஜான்டி தவறவிட்ட இரு புள்ளிகள்

வில்லியனூரிலோ பாகூரிலோ பதினோராம் வகுப்பில் கணிதம் பயிலும் மாணவர், சார்புகள் என்ற பாடத்தை எட்டியதும் ஒரு வளைகோட்டைச் சந்திக்கிறார். கிடை அச்சில் 3 என்ற இடத்தில் சார்பின் மதிப்பு என்ன என்று வினா கேட்கிறது. சமன்பாடு தரப்படவில்லை, வளைகோடு மட்டுமே இருக்கிறது. 3 என்ற புள்ளியிலிருந்து செங்குத்தாகச் சென்று வளைகோட்டைத் தொட வேண்டும். தொட்ட இடத்திலிருந்து பக்கவாட்டில் திரும்பி, நிலை அச்சில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். இரண்டே அசைவுகள்தாம். ஆயினும் இந்த இடத்தில் தடுமாறும் மாணவர்கள் பலர். சூத்திரத்தில் எண்ணைப் பொருத்தி விடை கண்டு பழகியவர்களுக்குச் சூத்திரமே இல்லாத வினா திகைப்பைத் தருகிறது.

அந்த இரண்டு அசைவுகளில் ஒன்று குறைந்தாலும் மற்றொன்று பயனற்றுப்போகும் என்பதைத் தம் வாழ்வின் 11 ஆண்டுகளைக் கொடுத்து உணர்ந்த ஒருவர், இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் வாழ்ந்தார். அவர் பெயர் கியோம் லெ ஜான்டி. வானியல் வரலாற்றில் துரதிர்ஷ்டத்தின் மறுபெயராகவே அவரை நினைவுகூர்கிறார்கள். ஆனால், அவர் வாழ்க்கையில் துரதிர்ஷ்டத்தைவிடச் சிந்திக்கத்தக்க பகுதி ஒன்று உண்டு. அது தமிழரோடு தொடர்புடையது.

லெ ஜான்டி 1725 செப்டம்பர் 12 அன்று பிரான்ஸின் நார்மண்டிப் பகுதியில் உள்ள குத்தான்ஸ் நகரில் பிறந்தார். இறையியல் படிக்கப் பாரிஸ் சென்ற இளைஞர், அங்கே ஜோசப் நிக்கோலா தெலில் என்ற வானியலாளரின் சொற்பொழிவுகளைக் கேட்டு மனம் மாறினார். பாரிஸ் வான் ஆய்வகத்தில் சேர்ந்து பயிற்சி பெற்றார். ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்தின் அருகிலுள்ள சிறிய துணை மண்டலத்தை 1749-இல் கண்டறிந்தவர் அவரே. 1753-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார்.

அக்காலத்து வானியலின் பெருங்கேள்வி, பூமியிலிருந்து சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது. அதற்கு விடை காணும் வழியை எட்மண்ட் ஹாலி 1716-இல் விரிவாக முன்வைத்திருந்தார். வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் குறுக்கே கடக்கும்போது, அக்காட்சியை உலகின் வெவ்வேறு மூலைகளிலிருந்து நோக்கி நேரத்தைத் துல்லியமாகக் குறிக்க வேண்டும். இடத்துக்கு இடம் தோன்றும் சிறு வேறுபாட்டிலிருந்து சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம். இந்த இடைநகர்வு அரிதானது. எட்டாண்டு இடைவெளியில் இரண்டு முறை நிகழ்ந்தால், அடுத்த இணைக்கு நூறாண்டுக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டும். 1761 ஜூன் 6, 1769 ஜூன் 3 ஆகிய நாள்களை விட்டால் அந்தத் தலைமுறைக்கு வேறு வாய்ப்பு இல்லை. நம் காலத்தில் அது 2004-இலும் 2012-இலும் நிகழ்ந்தது, இனி 2117-இல்தான்.

முதல் நிகழ்வைக் காண லெ ஜான்டிக்கு ஒதுக்கப்பட்ட இடம் புதுச்சேரி. 1760 மார்ச் மாதம் பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, ஜூலையில் இன்றைய மொரீஷியஸை அடைந்தார். அப்போது ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. புதுச்சேரி செல்லும் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, 1761 மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் இடம் பெற்றார். மாறிய பருவக்காற்று கப்பலை வழிதவறச் செய்தது. மே மாத இறுதியில் மலபார் கரையில் மாஹேயை நெருங்கியபோதுதான், புதுச்சேரி ஜனவரியிலேயே ஆங்கிலேயர் வசம் வீழ்ந்துவிட்ட செய்தி எட்டியது. கப்பல் மொரீஷியஸை நோக்கித் திரும்பியது.

ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாக இருந்தது. சூரியனின் முகத்தில் வெள்ளி நகர்வதைக் கண்ணாரக் கண்டார், நேரத்தையும் குறித்தார். ஆனால், அந்தக் குறிப்பால் ஒரு பயனும் இல்லை. ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் ஒழுங்காக ஓடாது. கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்பதை அக்காலத்தில் உறுதியாகச் சொல்லவும் வழியில்லை. வரைபடத்தின் மொழியில் கூறினால், வளைகோட்டின் உயரம் அவர் கண்முன் இருந்தது. கிடை அச்சில் தாம் நின்ற இடம்தான் அவருக்குத் தெரியவில்லை. இடம் தெரியாத உயரத்தைத் தாளில் எங்கே குறிப்பது?

வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். லெ ஜான்டி அடுத்த நிகழ்வுக்காக எட்டாண்டுகள் கீழைக் கடல்களிலேயே தங்குவது என முடிவு செய்தார். மடகாஸ்கரின் கரைகளை அளந்தார்; காற்றையும் கடல் ஓட்டங்களையும் ஆராய்ந்தார். 1766-இல் மணிலா சென்று அங்கேயே காத்திருக்க எண்ணினார். ஸ்பானிய ஆளுநரின் ஐயம் ஒருபுறம், புதுச்சேரியே ஏற்றது என்ற பாரிஸ் அறிவியல் கழகத்தின் விருப்பம் மறுபுறம். போர் முடிந்து புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்தது. 1768 மார்ச் 27 அன்று, கிளம்பி எட்டாண்டுகளுக்குப் பின், அவர் முதன்முதலாகப் புதுச்சேரி மண்ணில் கால் வைத்தார்.

ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் அவரை அன்போடு வரவேற்றார். ஆங்கிலேயர் தகர்த்த கோட்டையின் இடிபாடுகள்மீதே அவருக்கு வான் ஆய்வகம் எழுந்தது. நேற்றுவரை பகைவராயிருந்த சென்னை ஆங்கிலேயர், சிறந்த தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பிவைத்தனர். இம்முறை ஊசல் கடிகாரம் உறுதியான தரையில் நின்றது. புதுச்சேரியின் தீர்க்கரேகையையும் அவர் பொறுமையாக அளந்து முடித்தார். கிடை அச்சில் தம் இடம் எது என்பதில் இனி ஐயமில்லை.

அந்த ஆண்டு மே மாதக் காலைகள் தெளிவாக இருந்தன. ஜூன் 3 மாலையிலும் வானில் மாசில்லை. ஆளுநருக்கு வியாழனின் துணைக்கோள்களைக் காட்டி மகிழ்ந்தார். புதுச்சேரியில் ஜூன் 4 அதிகாலைச் சூரியன் எழும்போதே வெள்ளி அதன் முகத்தில் இருக்கும். காலை ஏழு மணியளவில் வெளியேறிவிடும். அன்று விடியுமுன் காற்றெழுந்தது, மேகம் திரண்டது. வெள்ளி வெளியேறி முடியும்வரை சூரியன் தென்படவில்லை. பிறகு மேகம் கலைந்து, எஞ்சிய பகல் முழுவதும் சூரியன் சுடர்விட்டது. அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்த செய்தியும் பின்னர் வந்து சேர்ந்தது.

முதல் முறை உயரம் தெரிந்தது, இடம் தெரியவில்லை. இரண்டாம் முறை இடம் தெரிந்தது, உயரம் தெரியவில்லை. இரண்டு பயணங்களுக்கும் சேர்த்து ஒரு புள்ளிகூடத் தேறவில்லை. இரு வாரங்களுக்கும் மேலாக அவரால் நாட்குறிப்பில் எழுத முடியாமற்போனது. அதே நிகழ்வைத் தாகித்தியில் குக்கும் வேறு பல இடங்களில் பிறரும் கண்டு குறித்த அளவுகளைக் கொண்டு, லாலாந்து என்ற பிரெஞ்சு வானியலாளர் 1771-இல் சூரியனின் தொலைவை ஏறத்தாழ 15.3 கோடி கிலோமீட்டர் எனக் கணித்தார். இன்று நாம் அறிந்த சராசரித் தொலைவு 14.96 கோடி.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால், லெ ஜான்டி வெறும் பரிதாபத்துக்குரியவராகவே எஞ்சியிருப்பார். ஆனால், மேகத்துக்காகக் காத்திருந்த அந்த இரண்டாண்டுக் காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில், இன்று அரிக்கமேடு என உலகறிந்த பகுதியின் பழைய இடிபாடுகளைப் பற்றி அவர் எழுதிவைத்தார். அதைவிட முக்கியமாக, புதுச்சேரியின் தமிழ்க் கணிதர்கள் கிரகணத்தைக் கணக்கிடும் முறையை அவர் மாணவராக அமர்ந்து கற்றுக்கொண்டார்.

அந்தக் கணிதர்களிடம் தொலைநோக்கி இல்லை. தாளும் எழுதுகோலும்கூடத் தேவைப்படவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார்கள். எண்களுக்கேற்பச் சோழிகளைக் கூட்டியும் குறைத்தும் இடம் மாற்றியும் கணக்கு நகர்ந்தது. தேவையான அட்டவணைகள் எல்லாம் மனப்பாடமாக இருந்தன. எண்களை எழுத்துகளாக்கி, எழுத்துகளை வாக்கியங்களாக்கி நெஞ்சில் நிறுத்தியிருந்தார்கள். இன்றும் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வழங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் பெயர் இந்த வாக்கியங்களிலிருந்து வந்ததுதான்.

அதன் உள்ளமைப்பைச் சற்றுப் பார்ப்பது தகும். சந்திரன் எல்லா நாளும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. ஒரு நாள் ஏறக்குறைய 12 பாகை நகர்ந்தால், இன்னொரு நாள் 14 பாகைக்கும் மேல் நகரும். பூமியை நெருங்கும்போது வேகம் கூடும், விலகும்போது குறையும். இந்த ஏற்ற இறக்கம் சுமார் 27.55 நாளுக்கு ஒருமுறை திரும்ப வரும். ஒன்பது சுற்றுகள் சேர்ந்தால் கிட்டத்தட்டச் சரியாக 248 நாள். ஆகவே 248 வாக்கியங்கள் போதும். ஒவ்வொரு வாக்கியமும் ஒவ்வொரு நாளுக்குரிய சந்திரனின் இடத்தைச் சொல்லும். 110 சுற்றுக்கு 3,031 நாள், 449 சுற்றுக்கு 12,372 நாள் என்ற பெரிய கணக்குகளும் உண்டு. ஒரு நாளைய சந்திரனை அறிய வேண்டுமானால், குறித்த தொடக்கத்திலிருந்து கழிந்த நாள்களை எண்ணி, அதில் இந்தப் பெரிய சுற்றுகளை முதலில் நீக்க வேண்டும். பின்னர் 248-களை நீக்க வேண்டும். மீதமாகும் எண்தான் வாக்கியத்தின் எண். அந்த வாக்கியம் தரும் இடத்தோடு, நீக்கிய சுற்றுகளுக்குரிய நகர்வைக் கூட்டினால் விடை கிடைக்கும். இரு நாள்களுக்கு இடைப்பட்ட நாழிகைக்கு, இரு வாக்கியங்களின் வேறுபாட்டை விகிதப்படி பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இன்றைய கணிதப் புத்தகத்தின் சொற்களுக்கு இதை மாற்றிப் பாருங்கள். நாள் எண் கிடை அச்சு. சந்திரனின் இடம் நிலை அச்சு. 248 வாக்கியங்கள் வளைகோட்டின்மீது வைத்த 248 புள்ளிகள். சுற்றுகளை நீக்குவது, மீண்டும் மீண்டும் வரும் சார்பின் காலமுறையைப் பயன்படுத்துவது. விகிதப்படி பங்கிடுவது, அடுத்தடுத்த இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து இடையில் படிப்பது. தாளில் கோடு வரையாமலே சார்பைப் படித்தவர்கள் அவர்கள். ஒரு நாளுக்கு ஓர் இடம் மட்டுமே உண்டு. ஆனால் ஓர் இடத்துக்குச் சந்திரன் பல நாள்களில் திரும்பி வரும். சார்பு என்பதன் இலக்கணத்தை மாணவருக்கு விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு அரிது.

முறை எவ்வளவு நம்பத்தக்கது என்பதை லெ ஜான்டி சோதித்தார். 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவு, தமிழ்க் கணக்கின்படி உண்மையைவிட 41 வினாடி குறைவாக வந்தது. அக்கால ஐரோப்பாவின் பெருமிதமான டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 வினாடி மிகுதியாகக் காட்டியது. ஒரே ஒரு கிரகணத்தை வைத்து எந்த முறை சிறந்தது எனத் தீர்மானிப்பது தவறு. ஆனால், சோழிகளைக் கொண்டு தரையில் போட்ட கணக்கு ஐரோப்பாவின் முதல்தரக் கணக்கோடு ஒருமுறையேனும் தோளுரச நின்றது என்பது வியப்புக்குரியதே.

லெ ஜான்டி வியந்தார். கூடவே குறையும் கண்டார். கணிதர்கள் விதிகளை இயந்திரம்போல் பின்பற்றுகிறார்கள், விதி ஏன் அப்படி அமைந்தது என்பதைக் கேட்பதில்லை என்பது அவர் மதிப்பீடு. அதில் ஐரோப்பியரின் செருக்கு கலந்திருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. மேயரின் அட்டவணையைப் புரட்டிய ஐரோப்பிய மாலுமியும் காரணம் கேட்டுப் படித்தவரல்லர். எனினும் அந்த மதிப்பீட்டை முழுவதும் தள்ளிவிடவும் முடியாது.

அதற்குச் சான்று அரை நூற்றாண்டுக்குப் பின் அதே புதுச்சேரியில் கிடைத்தது. சென்னை வான் ஆய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், தென்னிந்தியக் காலக்கணிதம் பற்றி 1825-இல் காலசங்கலிதம் என்ற பெருநூலை வெளியிட்டார். புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், 1825 மே 31 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவர் முன்னிலையில் சோழிகளைக் கொண்டு கணக்கிட்டுக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடப் பிழைதான். நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் எனப் பிழை வளர்ந்தது. அட்டவணை பழமையானது, அதைத் திருத்த வேண்டுமென்றால் அது எப்படி உருவானது என்று அறிந்திருக்க வேண்டும். படிக்கும் திறன் தலைமுறைகளாகக் காக்கப்பட்டது. திருத்தும் திறன் எங்கோ இடையில் நழுவியிருந்தது. பின்னாளில் கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நொய்கபாவர், இந்தக் கணக்கு முறையில் பழம் பாபிலோனியத்தின் சாயலைக் கண்டு அதைத் தம் ஆய்வுகளில் விரித்துரைத்தார்.

லெ ஜான்டி கொண்டுசென்ற குறிப்புகள் ஐரோப்பாவில் பெரும் விவாதத்தைத் தொடங்கிவைத்தன. அவற்றைப் பயன்படுத்தி பாரிஸில் பாயி 1787-இல் இந்திய வானியல் பற்றித் தனி நூல் எழுதினார். அதைப் படித்து எடின்பரோவின் கணிதப் பேராசிரியர் ஜான் பிளேஃபேர் 1790-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். அந்த ஜான் பிளேஃபேரின் தம்பிதான் வில்லியம் பிளேஃபேர். காலத்தைக் கிடை அச்சிலும் அளவை நிலை அச்சிலும் வைத்து, நாட்டின் வணிகத்தைக் கோட்டு வரைபடமாக 1786-இல் வெளியிட்டவர் அவர். வெப்பமானியின் அளவை நாள்தோறும் குறித்து வரையுமாறு தமக்கு இளமையில் கற்பித்தவர் அண்ணன் ஜான்தான் என்று அவர் நன்றியோடு பதிந்திருக்கிறார். தமிழரின் வாக்கிய எண்களை ஆராய்ந்த அண்ணனும், இன்றைய நாளிதழ் வரைபடங்களுக்கு முன்னோடியான தம்பியும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

லெ ஜான்டியின் எஞ்சிய கதை விரைவாகச் சொல்லத்தக்கது. 1770 மார்ச்சில் நோயுற்ற உடலோடு புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். புயலில் ஒருமுறை மொரீஷியஸுக்கே திரும்ப நேர்ந்தது. பின்னர் ஒரு ஸ்பானியக் கப்பலில் காதிஸ் அடைந்து, 1771 அக்டோபரில் பிரனீஸ் மலையைக் கடந்து தாய்நாட்டில் நுழைந்தார். கிளம்பி 11 ஆண்டுகளும் ஆறு மாதங்களும் ஆகியிருந்தன. அவர் இறந்துவிட்டதாகக் கருதிய உறவினர்கள் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. வழக்காடினார், கழகத்தில் மீண்டும் இடம் பெற்றார், மணந்தார், ஒரு மகளுக்குத் தந்தையானார். இந்தியக் கடல்களில் தாம் மேற்கொண்ட பயணத்தை 1779-இலும் 1781-இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். 1792 அக்டோபர் 22 அன்று பாரிஸில் காலமானார்.

அவர் தேடிவந்த இரு புள்ளிகளும் கிடைக்கவில்லை. தேடாமல் கற்றது நிலைத்தது. சோழிகளைக் கொண்டு கிரகணம் கணித்த தமிழரைப் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பங்கு, மேகத்தால் தோற்ற அந்த மனிதரின் குறிப்பேடுகளுக்கு உரியது.

இதில் நம் பள்ளிகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மையில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறியுள்ளன. பாடத்திட்டம் எதுவானாலும், வரைபடத்தைப் படிப்பது தேர்வில் சில மதிப்பெண்ணுக்கான வினாவாகச் சுருங்கிவிடக் கூடாது. மழையளவு, விலைவாசி, நோய்ப் பரவல், தேர்தல் கணிப்பு என நாள்தோறும் நம்மை எட்டும் செய்திகளில் பாதி வளைகோடுகளாகவே வருகின்றன. கிடை அச்சு எதை அளக்கிறது, எங்கிருந்து தொடங்குகிறது என்று பாராமல் கோட்டின் ஏற்றத்தைக் கண்டு மகிழ்பவரும் அஞ்சுபவரும், 1761-இல் நடுக்கடலில் நின்ற லெ ஜான்டியின் நிலையில்தான் இருக்கிறார்கள். அன்று அவர் தம் இடத்தை அறியவில்லை என்பதையாவது அறிந்திருந்தார்.

பயிற்சிக்குப் பொருள் தேடி வெளியே போக வேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் வாக்கியப் பஞ்சாங்க நாள்காட்டி போதும். திதி ஒவ்வொன்றும் முடியும் நேரம் அதில் இருக்கிறது. ஒரு திதி சுமார் 54 நாழிகையில் முடியும். இன்னொன்று 65 நாழிகை வரை நீளும். நாளைக் கிடை அச்சிலும் திதியின் நீளத்தை நிலை அச்சிலும் வைத்து இரண்டு மாதத்துக்குப் புள்ளியிட்டால், மேடும் பள்ளமுமாக ஒரு வளைகோடு மாணவரின் கண்முன் எழும். மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு எத்தனை நாள் என்று எண்ணினால், சந்திரனின் 27 நாள் சொச்சம் கைக்குக் கிட்டும். வில்லியனூர்த் தேரோட்ட நாளைக் குறிக்கும் பஞ்சாங்கத்துக்குள் ஒரு சார்பு ஒளிந்திருப்பதைத் தாமே கண்டறிந்த மாணவருக்குச் சார்பு என்ற சொல் பிறகு அச்சமூட்டாது. பாகூர் ஏரியின் நீர்மட்டத்தை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாள்தோறும் குறித்து வரைவதும் அவ்வாறே. எந்த நாளில் ஏரி வேகமாக நிரம்பியது என்பதை வளைகோட்டின் சரிவே சொல்லிவிடும்.

பாகூருக்கு இது புதிதன்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைச் சொல்கிறது. கற்றலுக்கு ஊர்களை எழுதிவைத்த மண் அது.

இடத்தையும் உயரத்தையும் சேர்த்துப் படிக்கப் பழக்குவது பள்ளியின் முதற்கடமை. வளைகோடு ஏன் இப்படி வளைகிறது என்று கேட்கத் தூண்டுவது அடுத்த கடமை. முதலாவதைத் தவறவிட்டதன் வலியை லெ ஜான்டி அறிவார். இரண்டாவதைத் தவறவிட்டதன் விலை, 1825-இல் சந்திர கிரகணத்தின் முடிவில் 52 நிமிடப் பிழையாக நம் கணிதர் முன் நின்றது. இந்த இரண்டு இழப்புகளும் புதுச்சேரி மண்ணோடு தொடர்புடையவை. அவற்றிலிருந்து கற்கும் உரிமை வேறெவரையும்விட நம் மாணவர்களுக்கே அதிகம்.